கோடு கோடாய் ஓர் அருவி



இன்றைக்கு வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று பதற வேண்டாம். லெஸ்டரில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே மாப்பிள்ளை பழைய கேம் பெட்டிகளைப் பொக்கிஷம் மாதிரி சேர்த்து வைத்திருக்கிறார். வெளியே நாலு மணிக்கே இருட்டிவிடும். பேரன் விளையாடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு விளையாட வராது, கட்டைவிரல் ஒத்துழைக்காது. நான் பார்த்தது படங்களை. முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் படம் போட்டவளுக்கு அதில் பார்க்க நிறையவே இருந்தது.

16 பிட் காலம் என்கிறார்கள். 1988இல் ஜப்பானில் சேகா கம்பெனியின் மெகா டிரைவ் வந்தது. 1990இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் வந்தது. அதைத்தான் வெளிநாடுகளில் சூப்பர் நின்டெண்டோ என்று விற்றார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் டிவியில் சொருகி விளையாடிய மாரியோ, வாத்துச் சுடும் விளையாட்டு எல்லாம் இதற்கு முந்தைய 8 பிட் ரகம். 16 பிட் பெட்டி அதைவிடப் பெரிய எண்களை ஒரே வாயில் மென்றுவிடும். கணக்குப் பாடம் அவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய நிறப் பற்றாக்குறை. மெகா டிரைவில் மொத்தமே 512 நிறம். அதிலும் ஒரே சமயத்தில் திரையில் 60 சொச்சம்தான் காட்ட முடியும். சூப்பர் நின்டெண்டோ பணக்கார வீடு: 32,768 நிறத்திலிருந்து 256 வரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயும் ஓடியாடும் உருவம் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 15 நிறம்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும், நீர்ச்சுழற்சிப் படத்துக்கு நம்மிடம் இருந்தது நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு, அவ்வளவுதான். மேகத்துக்குச் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்து, உள்ளங்கையால் லேசாகக் கலைத்துவிடுவேன். பலகையின் கருப்பு உள்ளே வந்து சாம்பலாகிவிடும்.

கிட்டத்தட்ட அதே வேலையை 1991இல் வந்த சோனிக் விளையாட்டில் பார்த்தேன். நீல நிற முள்ளெலி ஓடிக்கொண்டே இருக்கும், அந்த விளையாட்டுதான். முதல் கட்டத்தில் பச்சை மலை, பனைமரம் மாதிரி மரங்கள், நடுவே அருவிகள். அருவித் தண்ணீருக்குப் பின்னால் இருப்பது தெரிய வேண்டும். மெகா டிரைவுக்கோ ஒரு நிறத்தை இன்னொன்றின் மேல் கண்ணாடி மாதிரி வைக்கத் தெரியாது. என்ன செய்தார்கள் என்றால், நெடுக்காகக் கோடு போட்டார்கள். ஒரு கோடு தண்ணீர், அடுத்தது வெறும் இடைவெளி, மறுபடி தண்ணீர். பழைய பிக்சர் டியூப் டிவியில், மஞ்சள் முனை வயர் வழியாகப் படம் போகும்போது பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கொஞ்சம் ஒன்றில் ஒன்று கசியும். அந்தக் கசிவில் கோடுகள் கரைந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். வயரின் குறையையே வர்ணமாக எடுத்துக்கொண்ட கை அது!

அதே விளையாட்டில் தண்ணீருக்குள் இறங்கும் கட்டம் ஒன்று உண்டு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே எல்லாமே வேறு சாயல். 60 சொச்சத்தை வைத்துக்கொண்டு எப்படி என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். டியூப் டிவி படத்தை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக வரைகிறது. வரைந்துகொண்டே வந்து தண்ணீர் மட்டத்தைத் தொடும் நொடியில் வர்ணத் தட்டையே மாற்றிவிடுகிறார்கள். மீதிப் படம் புதுத் தட்டிலிருந்து வருகிறது. நொடிக்கு 50 தடவை இது நடக்கிறது. இதைக் கேட்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, உண்மையாகவே.

இன்னொரு பெட்டிக்கு வருகிறேன். 1994இல் வந்த டாங்கி காங் கண்ட்ரி. இதைச் செய்த ரேர் கம்பெனி லெஸ்டர்ஷயரிலேயே, ட்வைக்ராஸ் என்ற கிராமத்தில் இருக்கிறது. ஸ்டாம்பர் சகோதரர்கள் தொடங்கியது. மகள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். விலை உயர்ந்த சிலிக்கன் கிராஃபிக்ஸ் கணினிகளில் குரங்கைக் களிமண் பொம்மை போல முப்பரிமாணத்தில் செய்து, அசைவு அசைவாகப் படம் எடுத்து, அந்தப் படங்களைச் சுருக்கி 15 நிறத்துக்குள் அடைத்துக் கேசட்டில் ஏற்றினார்கள். மொத்தக் கேசட்டும் 4 எம்பி. இன்று நீங்கள் அனுப்பும் ஒரு 'காலை வணக்கம்' வீடியோ அதைவிடப் பெரிது. பக்கத்திலேயே இருக்கும் ட்வைக்ராஸ் மிருகக்காட்சிசாலைக்குப் போய் கொரில்லாக்களை மணிக்கணக்காகப் பார்த்தார்களாம். அதன் நடை விளையாட்டுக்குச் சரிப்படவில்லை. கடைசியில் குதிரையின் பாய்ச்சலை எடுத்துக் குரங்குக்கு மாட்டினார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் குரங்கு ஓடுவது குதிரையாகவே தெரிகிறது.

90 லட்சத்துக்கு மேல் விற்ற விளையாட்டு. பேரனுக்கு உயிர். எனக்கு மட்டும் அது கொஞ்சம் பிளாஸ்டிக். பளபளப்பு அதிகம், கல்யாண மண்டப மேடை மாதிரி. என் ஓட்டு மறு வருஷம் நின்டெண்டோ வெளியிட்ட யோஷி ஐலண்டுக்கு. எல்லோரும் முப்பரிமாணப் பளபளப்புக்கு வாய் பிளந்திருந்த நேரத்தில், கிரேயானால் சின்னப் பிள்ளை கிறுக்கியது போல மலையும் மேகமும் போட்டு அனுப்பினார்கள். ஓரக் கோடுகள் நடுங்குகின்றன, வர்ணம் வேண்டுமென்றே கோட்டுக்குள் நிற்கவில்லை. உள்ளே தனியாக ஒரு சிப் வைத்து உருவங்களைப் பெரிதாக்கி, நசுக்கி, சுழற்றுகிறார்கள். ஆனால் பார்க்கிறவனுக்குத் தெரிவது ஒரு குழந்தையின் நோட்டுப் புத்தகம்தான். பேரனும் நானும் இதில் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

எஃப் ஜீரோ, மாரியோ கார்ட் பந்தயங்களில் ஒரே தட்டையான படத்தைப் பாய் போல விரித்து, வரிக்கு வரி அளவை மாற்றித் தூரத்துக்குப் போகும் சாலையாகக் காட்டுவதும் அழகுதான். டிராகன் பால் வரைந்த அகிரா தோரியாமா உருவங்கள் அமைத்த க்ரோனோ ட்ரிகர் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் மாப்பிள்ளையின் டியூப் டிவி, படம் ஒற்றைக் கோடாகச் சுருங்கி அணைந்துவிட்டது. பழுது பார்க்க அந்த ஊரில் ஆள் கிடைக்கவில்லை. பெட்டியைப் புதுத் தட்டை டிவியில் மாட்டினார். சோனிக் அருவி வந்தது. பேரன் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இது தண்ணி இல்ல, வெறும் கோடு" என்றான். அவன் சொன்னது சரி. புது டிவி ஒவ்வொரு புள்ளியையும் கத்தியால் வெட்டியது போலக் காட்டுகிறது. கோடு கோடாகவே நிற்கிறது. மேகத்தைக் கலைத்த என் உள்ளங்கையைக் காணோம்! விளையாட்டின் கேசட்டைப் பத்திரப்படுத்துகிறார்கள், கணினியில் நகலெடுத்தும் வைக்கிறார்கள். பாதி ஓவியம் டிவிக்குள் இருந்தது. அதை எடைக்குப் போட்டுவிடுகிறோம். கசிவை நடித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறதாம், மாப்பிள்ளை போட்டுக் காட்டினார். பரவாயில்லை. இருந்தாலும், டியூப் டிவியில் பார்த்த கண் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

கோடை விடுமுறைக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள், மெகா டிரைவையும் கொண்டுவருகிறார்கள். 2006க்குப் பிறகு தமிழக அரசு வீட்டுக்கு வீடு கொடுத்ததே, 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி, அது உங்களில் யார் வீட்டிலாவது பரணில் கிடக்கிறதா? ஓடும் நிலையில் இருக்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ மஞ்சள் வளையம் போட்ட ஏ.வி. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். ஆட்டோ அனுப்பி நானே எடுத்துக்கொள்கிறேன். லீவு முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தருவேன்.