வீடும் படியும்

கல்லூரித் தாயின் நிறைவிழா மலருக்கு யாதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் கேட்டபோது யாம் சிறிது தயங்கினோம். பெரும்பதவி வகித்தோமல்லோம், நாடு போற்றும் தொண்டு புரிந்தோமுமல்லோம். துபாய் நகரில் விமான நிறுவனமொன்றின் கணக்குப் பகுதியில் 19 ஆண்டுகள் அமர்ந்து, பிறநாட்டு விமானிகளின் வீட்டுப்படியைக் கணக்கிட்டுக் கொடுத்ததே எம் தொழில். ஆயினும் அத்தொழிலிலே யாம் இழைத்த தவறொன்று உண்டு. அதனைச் சொல்வது, நம் கல்லூரியிலிருந்து கடல்கடந்து செல்லும் இளைஞருக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால் இதனை எழுதத் துணிந்தோம்.

எமக்கு வர்த்தகக் கணக்குக் கற்பித்த ஆசிரியர், எந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்தாலும் தொகையை முதலிற் பார்க்க விடமாட்டார். "முதலில் திகதியைப் பார், பின்பு நிபந்தனையைப் பார், தொகை எங்கும் ஓடிவிடாது" என்பார். வகுப்பில் அதனைக் கேட்டு நகைத்தோம். அதன் பொருளை அறிய எமக்கு 2020 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

விமானிக்கு வீட்டுப்படி எதற்கு என்று சிலர் வினவுவர். வளைகுடா நாடுகளின் பெரிய விமான நிறுவனங்களுக்கு உள்ளூர் விமானிகள் மட்டும் போதார். ஐரோப்பாவிலிருந்தும், தென்னாபிரிக்காவிலிருந்தும், அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்களை அழைத்து, தம் நகரிலேயே குடியிருக்கச் செய்யவேண்டும். குடும்பத்தோடு வருபவருக்கு அந்நகரின் வாடகை பெருஞ்சுமை. ஆதலால் நிறுவனம் இரண்டிலொன்று செய்யும்: தான் வாடகைக்கு எடுத்த வீட்டைக் கொடுக்கும், அல்லது அவ்வீட்டுக்கு ஈடாகப் பணம் கொடுக்கும். அப்பணமே வீட்டுப்படி. அதன் அளவு பொதுவாக இரண்டினால் தீர்மானிக்கப்படும்: ஒன்று பதவி, மற்றது குடும்பநிலை. துணைவிமானிக்கு ஓர் அளவு, தலைமை விமானிக்கு வேறோர் அளவு. தனியருக்குச் சிறிது, மனைவி மக்களோடு வருபவருக்குப் பெரிது.

இப்பணம் ஏன் பலவிடங்களில் ஆண்டுக்கொருமுறை முற்பணமாகக் கொடுக்கப்படுகின்றது என்பதை அறியத் துபாயின் வாடகை முறையை அறிதல் வேண்டும். அங்கே மாதந்தோறும் வாடகை கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. ஓராண்டு வாடகையை ஒரே காசோலையாகவோ, இரண்டு, நான்கு எனப் பின்திகதியிட்ட காசோலைகளாகவோ உடன்படிக்கை எழுதும்போதே கொடுத்துவிட வேண்டும். காசோலைகள் குறையக் குறைய வாடகையும் சற்றுக் குறையும். இதனோடு 5 வீதம் வைப்புப்பணம், தரகருக்கு ஏறக்குறைய அவ்வளவு. நீர், மின்சாரச் சிட்டையோடு சேர்ந்து வரும் நகரசபைக் கட்டணம் ஆண்டு வாடகையில் 5 வீதம். 2010 முதல் உடன்படிக்கையை 'எஜாரி' என்னும் பதிவில் இடுதலும் வேண்டும்.

வாடகை உயர்ந்தால் படியும் உயருமா? அதற்கு எவ்வுறுதியும் இல்லை. 2013 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்க ஆணைப்படி, பழைய வாடகை அவ்வூர்ச் சராசரியிலும் 10 வீதத்துக்கு மேற்படாத அளவில் குறைந்திருப்பின், புதுப்பிக்கும்போது அதனை உயர்த்த இயலாது. அதற்கு மேற்பட்டால், குறைவின் அளவுக்கேற்ப 5 முதல் 20 வீதம்வரை உயர்த்தலாம். வீட்டுக்காரரின் கையை இவ்வாணை ஓரளவு கட்டியது. நிறுவனமோ தான் விரும்பிய காலத்திலேயே படியைத் திருத்தும். இடைப்பட்ட வேறுபாட்டை விமானியே தாங்க வேண்டும்.

இன்னுமொன்று. வீட்டுப்படி கையில் வருவதால் அது சம்பளம் போலத் தோன்றும். ஆனாற் சம்பளம் அன்று. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஊழியர் விலகும்போது பெறும் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாட் சம்பளமுமாகக் கணக்கிடப்படும். அங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமே. வீட்டுப்படி அதிற் சேராது. அந்நாட்டில் தனியார் சம்பளத்துக்கு வருமானவரி இல்லை. ஹொங்கொங்கிலோ வரியுண்டு, ஆகவே பெயர் மாறினாற் கணக்கும் மாறும். அங்கே நிறுவனம் வீடு கொடுத்தாலும், பற்றுச்சீட்டுப் பார்த்து வாடகையைத் திருப்பிக் கொடுத்தாலும், ஊழியரின் ஏனைய வருமானத்தில் 10 வீதமே வீட்டின் பெறுமதியாக எண்ணி வரி விதிப்பர். அதே பணத்தைப் படியென்று கையில் வெறுமனே கொடுத்துவிட்டால் முழுவதும் வருமானமாகிவிடும். எனவே, தொகை ஒன்றாயினும் அது எவ்வழியாக வருகின்றது என்பதே முக்கியம்.

இவற்றையெல்லாம் அறிந்தவர் என்று எம்மைப் பலரும் நம்பினர். யாமும் அவ்வாறே எம்மை நம்பினோம். 2020 பெப்ரவரியில் துணைவிமானி ஒருவர் எம்மிடம் வந்தார். ஆறாவது ஆண்டை நிறைவுசெய்யும் நிலையில் இருந்தவர். நிறுவனத்தின் வீட்டிலே மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருந்தவர். பிள்ளைகளின் பாடசாலைக்கு அருகே தனிவீடொன்று வாடகைக்கு இருப்பதாகவும், நிறுவன வீட்டை விட்டுப் படியைப் பணமாக எடுப்பது நன்றோ என்றும் கேட்டார்.

எண்களை முழுமைப்படுத்திச் சொல்கின்றோம். அவருடைய வீட்டுப்படி ஆண்டுக்கு 180,000 திர்ஹம். வீட்டின் வாடகை நான்கு காசோலைகளாயின் 190,000. ஒரே காசோலையாயின் 180,000. "ஒரே காசோலையாகக் கொடுங்கள்; 10,000 மிச்சம்" என்று யாம் கூறினோம். அவர் நன்றி சொல்லி, மார்ச் முதலாம் திகதி அவ்வீடு புகுந்தார். யாம் தொகையைப் பார்த்தோம், திகதியைப் பார்க்கவில்லை. கிழக்கே நோய் பரவும் செய்தி அப்போதே நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது. நிபந்தனையையும் பார்க்கவில்லை. பணி இடையில் முடியுமாயின், எஞ்சிய மாதங்களுக்குரிய படியை ஊழியர் திருப்பித் தரவேண்டும் என்ற பிரிவு அவருடைய உடன்படிக்கையின் பின்பக்கத்திலே இருந்தது. அதனை எழுதுவித்த குழுவில் யாமும் ஒருவர்.

மார்ச் இறுதியிற் பயணிகள் விமானங்கள் நின்றன. ஜூன் முடிவில் அவருக்கு வேலை போயிற்று. ஆறாண்டுக்குரிய பணிக்கொடை 135 நாட் சம்பளம். நாளொன்றுக்கு 1,000 திர்ஹமாக 135,000. நான்கு மாதம் வீட்டில் இருந்தார். எஞ்சிய எட்டு மாதத்துக்குரிய 120,000 திருப்பித் தரவேண்டியது. மீதி 15,000. ஆறாண்டு உழைப்பின் முடிவில் நின்ற அந்தத் தொகையைத் தட்டெழுத்தில் அடித்து, கையொப்பமிட்டு, அவர் கையிற் கொடுத்தவர் யாமே.

வீட்டுக்காரரிடமும் சென்று கேட்டோம். ஆண்டு உடன்படிக்கையை இடையில் ஒருவர் தாமாக முறிக்கச் சட்டம் இடந்தராது என்று அவர் எடுத்துக் காட்டினார்; அது உண்மையே. வேறு குடி வந்தாற் பார்க்கலாம் என்றார், அவ்வாண்டில் வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன, எவரும் வரவில்லை. வீட்டுக்கு அடுத்த பெப்ரவரி வரை பணம் கட்டியாயிற்று. குடியிருப்பு அனுமதி இரத்தானபின் நாட்டில் தங்குவதற்குச் சாதாரண விதி அளித்த அவகாசமோ 30 நாள். பணம் கட்டிய வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு, அக்குடும்பம் ஆகத்திற் புறப்பட்டது. அன்றிரவு எமக்கு உணவு இறங்கவில்லை.

எம் தவறை ஒப்புக்கொண்டு அவருக்கு நீண்ட கடிதமொன்று எழுதினோம். சில கிழமைகளின் பின் மறுமொழி வந்தது. அதில் எம்மை வையவுமில்லை, மன்னிக்கவுமில்லை. "பின்பக்கத்திலுள்ள அப்பிரிவைப் புதிதாக வருவோருக்கு இப்போதாவது சொல்கின்றீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

அன்று முதல், பணி விட்டு ஊர் திரும்பிய 2023 வரை, புதிய விமானி எவர் வந்தாலும் ஐந்து வினா எழுதிய ஒரு தாளை யாம் முதலிற் கொடுத்தோம். வாடகை உடன்படிக்கை யார் பெயரில் இருக்கும், நிறுவனத்தின் பெயரிலா, உமது பெயரிலா? படி மாதந்தோறும் வருமா, முற்பணமாக வருமா? இடையில் விலகினால், அல்லது விலக்கப்பட்டால், எவ்வளவு திருப்பித் தரவேண்டும்? வாடகை உயர்ந்தாற் படியை யார், எப்போது திருத்துவர்? பணிக்கொடையிலும் வரியிலும் இப்பணம் எவ்வாறு எண்ணப்படும்? சிலர் வாசித்தபின் நிறுவன வீட்டையே ஏற்றனர். சிலர் மிகுதி வாடகை கொடுத்தும் நான்கு காசோலைகளாக எழுதி, பணி முறிந்தால் இரண்டு மாத வாடகையோடு விடுவிக்க வேண்டும் என்ற பிரிவையும் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டனர். முற்பணத்தை நிறுத்தி மாதப்படியாக்குமாறு மேலாளருக்கு மும்முறை எழுதினோம், அது நிறைவேறவில்லை.

இன்று நம் கல்லூரிப் பிள்ளைகள் விமானிகளாகவும், பொறியியலாளராகவும், கணக்காளராகவும் உலகெங்கும் செல்கின்றனர். வீடும் தருகின்றோம், படியும் தருகின்றோம் என்று சொல்லும் கடிதம் அவர்கள் கைக்கு வரும்போது மகிழட்டும், வேண்டாமென்று சொல்லோம். ஆனால் அக்கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கட்டும். வேலை கொடுத்தவர் கொடுத்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். அதனை அறிந்து புகுபவர், போகும் நாளிற் கலங்கார்.

எம் ஆசிரியர் இன்று இல்லை. இருந்திருப்பின் இவ்வைந்து வினாத் தாளை அவரிடம் காட்டியிருப்போம். அவர் முதலில் அதன் திகதியைத்தான் பார்த்திருப்பார். ஆறு மாதம் பிந்திவிட்டது என்றும் சொல்லியிருப்பார்.