குட்டியானை வாங்கலாமா, வாடகைக்கே எடுக்கலாமா?

பழைய பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் வாங்கி, துடைத்து, பழுது பார்த்து விற்கும் பகுதிநேர வியாபாரத்தைச் சென்னையில் நிறைய பேர் செய்கிறார்கள். மே மாதம் வந்தால் போதும், படிப்பு முடித்த பசங்க ரூமைக் காலி செய்யும்போது பாதி சாமான் வந்த விலைக்குப் போகும். முதலீடு குறைவு. ஒரே தொல்லை, சாமானை எதில் ஏற்றுவது? பல பேர் சறுக்கும் இடம் இதுதான். நாலு பீரோ விற்றதுமே அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும், வாசலில் ஒரு பழைய குட்டியானை வந்து நிற்கும்.

குட்டியானை என்றால் டாடா ஏஸ். 2005-ல் வந்தது. முதல் மாடலில் 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். முக்கால் டன் ஏற்றலாம். பின்பக்கம் 7 அடி நீளம், 5 அடி அகலம் வாக்கில் இருக்கும், பீரோவைப் படுக்கவே போடலாம். மற்ற வண்டிகளையும் பார்த்துவிடுவோமே. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மிக்சி, டிவி போகும், பீரோ போகாது. மோட்டார் மாட்டிய மீன்பாடி வண்டி மலிவுதான், ஆனால் அதற்குப் பதிவும் கிடையாது, இன்சூரன்சும் கிடையாது. யார் மீதாவது இடித்தால் வியாபாரமே காலி. மூன்று சக்கர ஆப்பே சந்துக்குள் நுழையும், ஆனால் உயரமான சாமானோடு வளைவில் திரும்பினால் கொஞ்சம் பயம்தான்.

ஆக குட்டியானைதான் சரி. ஆனால் சொந்தமாகவா? இங்கேதான் பி.காம் முதல் வருஷப் பாடம் உதவுகிறது. ஒரு பையன் 2 லட்சத்துக்குப் பழைய வண்டி வாங்குகிறான், 3 வருஷம் கழித்து 1,10,000-க்கு விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் மாதம் 2,500. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. எல்லாம் சேர்த்து வருஷம் 30,000 என்றால் மாதம் 2,500. ரிப்பேருக்கு 2,000. நகைக்கடன் வட்டி இன்னொரு 2,000. வண்டி நகராமல் நின்றாலே மாதம் 9,000 காலி!

வாடகை வண்டி நடைக்கு 1,200 என்றும், சொந்த வண்டிக்கு டீசல் 400 என்றும் வையுங்கள். (ஏற்றி இறக்கும் கூலி இரண்டுக்கும் பொது, விட்டுவிடலாம்.) ஒரு நடைக்கு மிச்சம் 800. 9,000-ஐ 800-ஆல் வகுத்தால் 11.25. அதாவது மாதம் 12 நடை ஓடினால்தான் சொந்த வண்டி கட்டும். 8 நடை மட்டும் ஓடினால் வாடகைச் செலவு 9,600, சொந்த வண்டிச் செலவு 12,200. மே மாதம் 15 நடை வரும், சரி. ஆகஸ்டில் 4 நடைகூட வராவிட்டால்?

அப்போது என்ன ஆகிறது தெரியுமா? வண்டி சும்மா நிற்கிறதே என்று அடுத்தவன் சாமானை ஏற்றப் போகிறான். காலேஜுக்கு லீவு. பழைய பொருளைப் பேரம் பேசி வாங்குவதுதான் லாபம் வந்த இடம், அதற்கு நேரமில்லை. வியாபாரத்துக்காக வாங்கிய வண்டி, கடைசியில் வண்டிக்காக வியாபாரம்.

கணக்குப் போட்டும் வாங்குவதுதான் சரி என்றால் கவனிக்க வேண்டியவை சில. ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, எஃப்.சி. எப்போது முடிகிறது என்று பாருங்கள். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம். மீன் ஏற்றிய வண்டி என்றால் உப்புத் தண்ணீரில் அடித்தகடு துருப்பிடித்திருக்கும், குனிந்து பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்பதால் பெர்மிட் தேவையில்லை. சாதாரண கார் லைசென்ஸே போதும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது, 7,500 கிலோ வரையுள்ள வண்டிகளுக்கு. அதற்காக அளவுக்கு மேல் ஏற்றிவிடாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி அபராதம் 20,000-ல்தான் தொடங்குகிறது. ஒரே நாளில் இரண்டு மாத வண்டிச் செலவு போய்விடும்.

முதலில் ஒரு வருஷம் வாடகைக்கே எடுங்கள். ஒவ்வொரு நடையையும் நோட்டில் எழுதுங்கள். மேலே உள்ள தொகைகளை எடுத்துவிட்டு உங்கள் ஊர் வாடகையையும் டீசல் செலவையும் போட்டுப் பாருங்கள். வருஷ சராசரி அந்த எண்ணைத் தாண்டினால் தைரியமாக வாங்கலாம். தாண்டாவிட்டால், அம்மாவின் வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும்.