கறிவேப்பிலை மரமும் நான் வாங்கின மூணு மீட்டரும்

திருப்பூர்ல மாடித்தோட்டம் போட்டிருக்கிற என் சித்தப்பா பையன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணா, பிஎச் பார்க்க ஒரு மீட்டர் வாங்கணும். சத்து பார்க்கிற மீட்டரும் இருக்காமே, எது வாங்கட்டும்?"னு கேட்டான். போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சது. மீதியை இங்கே எழுதிடுறேன். இந்த விஷயத்துல நான் மூணு மீட்டருக்குக் காசு கொடுத்து, ஒரு கறிவேப்பிலை மரத்தை மஞ்சளாக்கி, அம்மாகிட்ட பேச்சு வாங்கின ஆளு.

எங்க வீடு காங்கேயம் பக்கம். மண்ணு செம்மண்தான், ஆனா ரெண்டடி தோண்டினா வெள்ளை வெள்ளையா சுக்கான் கல் வரும். பாய்ச்சுறது போர் தண்ணி. ஒரு டம்ளர்ல ஊத்தி வெயில்ல வெச்சா, காஞ்ச பிறகு அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்கும். புழக்கடையில அம்மா வெச்ச கறிவேப்பிலை மரம் ஒண்ணு நிக்குது. மிச்சமான மோர் புளிச்சுப் போனா, தண்ணி கலந்து அந்த மரத்துக்கு ஊத்திடுவாங்க. பாட்டி காலத்துல இருந்தே அப்படித்தான்.

முதல்ல நான் வாங்கினது ரெண்டு கம்பி வெச்ச மண் மீட்டர். பேட்டரி கிடையாது. மண்ணுல குத்தினா முள் நகரும். ஈரம், வெளிச்சம், பிஎச் மூணும் அதுவே காட்டும்னு அட்டையில போட்டிருந்தது. கறிவேப்பிலை மரத்தடியில தண்ணி விட்டுக் குத்திப் பார்த்தேன். அஞ்சரை காட்டுச்சு. ஏழுக்குக் கீழே போனா புளிப்பு மண், புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு போடணும்னு படிச்சிருந்தேன். உடனே அம்மாவைக் கூப்பிட்டு, "இனிமே மோர் ஊத்தாதீங்க, மண்ணு ஏற்கனவே புளிச்சுக் கெடக்குது"ன்னு சொல்லி, நானே ரெண்டு கை சுண்ணாம்புத் தூளையும் தூவி விட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. படிச்ச பையன் சொல்றான்னு விட்டுட்டாங்க.

மூணு மாசத்துல புதுத் துளிரெல்லாம் மஞ்சளா வந்துச்சு. நரம்பு மட்டும் பச்சை, நடுவுல எல்லாம் வெளுப்பு. இலையில வாசமும் குறைஞ்ச மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ரசத்துக்குப் பறிக்க வந்தவங்க, மரத்தைப் பார்த்துட்டு ரெண்டு கொத்தோட திரும்பிப் போயிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அம்மா, "ஏன் சாமி, உன் கம்பி என்ன சொல்லுது இப்போ?"ன்னு கேட்டாங்க. குத்திப் பார்த்தேன். மறுபடியும் அஞ்சரை, ஆறு. சுண்ணாம்பு போட்ட பிறகும் அதே முள், அதே இடம். அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுப்புச் சாம்பலைத் தண்ணியில குழைச்சு அதுல குத்தினேன். சாம்பல் காரம். எட்டு, ஒன்பதுன்னு ஏறணும். அதுலயும் ஆறுதான்.

காரணம் பிறகு தெரிஞ்சது. அந்தக் கம்பி ரெண்டும் வேற வேற உலோகம். ஈர மண்ணுல குத்தினா சின்ன பேட்டரி மாதிரி கரண்ட் உண்டாகும், அந்தக் கரண்டுக்குத்தான் முள் நகரும். மண்ணுல ஈரமும் உப்பும் அதிகமா இருந்தா கரண்டும் அதிகம், முள் புளிப்புப் பக்கம் சாய்ஞ்சிடும். எங்க உப்புத் தண்ணியைத்தான் அது புளிப்புன்னு காட்டியிருக்கு. மண்ணை எடுத்துட்டுப் போய் மண் பரிசோதனை நிலையத்துல கொடுத்தேன். வந்த சீட்டுல பிஎச் 8.4. பிஎச்ல ஒரு எண் வித்தியாசம்னா பத்து மடங்கு. நான் கிட்டத்தட்ட மூணு எண் தப்பா நம்பி, காரமான மண்ணுக்கு மேலயே சுண்ணாம்பைத் தூவியிருக்கேன். அந்தக் காரத்துல மண்ணுல இரும்பு இருந்தும் வேரால எடுக்க முடியாது. துளிர் வெளுத்தது அதனாலதான்.

சீட்டைப் படிச்சுக் காட்டினப்போ அம்மா சிரிக்கல, திட்டவும் இல்ல. "மோரை நிறுத்தச் சொன்னது நீதான?"ன்னு மட்டும் கேட்டாங்க. அது திட்டினதை விட மோசமா இருந்துச்சு. ஒரு சொம்பு மோர் சுக்கான் மண்ணையே மாத்திடும்னு நான் சொல்ல வரல. அதுல இருக்கிற சுண்ணாம்புக்கு முன்னாடி மோர் எம்மாத்திரம். ஆனா அவங்க போன திசை சரி. நான் கையில மீட்டரை வெச்சுக்கிட்டு எதிர்த் திசையில போயிருக்கேன்.

ரெண்டாவதா வாங்கினது பேனா மாதிரி இருக்கிற டிஜிட்டல் பிஎச் மீட்டர். நுனியில கண்ணாடிக் குமிழ் இருக்கும். பிஎச்சை நேரா அளக்கிறது இந்தக் குமிழ்தான். கூடவே சின்னச் சின்னப் பொட்டலமா பொடி வந்துச்சு. 4.01, 6.86, 9.18னு எழுதியிருக்கும். அதை டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு, மீட்டரை அதுல முக்கி, அந்த எண்ணைக் காட்டுற மாதிரி சரி பண்ணணும். தராசுக்குப் படிக்கல் வெச்சுப் பார்க்கிற மாதிரிதான். முதல் தடவை பண்ணினேன், லேப் சீட்டோட ஒத்துப் போச்சு. அப்புறம் தொடச்சு, மூடியைப் போட்டு அலமாரியில வெச்சுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா, 6.86 கரைசல்ல 7.7 காட்டுது. குமிழ் காஞ்சு போச்சு. அதை எப்பவும் ஈரமா வைக்கணுமாம். மூடிக்குள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசல் நாலு சொட்டு விட்டு வைக்கணும். டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போடக் கூடாது, அது குமிழைக் கெடுக்கும். ராத்திரி பூரா கரைசல்ல ஊற வெச்சுத் திரும்பச் சரி பண்ணினேன். இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

மூணாவதா வந்ததுதான் ஈசி மீட்டர். "சத்து மீட்டர்"னு கடையில விக்கிறது இதைத்தான். இதுக்கு வேலை வந்தது வீட்டுக்காரியால. மாடியில தென்னை நார்க்கழிவு போட்டு தக்காளி நாத்து விட்டிருந்தா. இலை ஓரமெல்லாம் கருகுது. "ஏனுங்க, உரம் பத்தலையோ?"ன்னு கேட்டா, நானும் ரெண்டு தடவை உரத்தண்ணி ஊத்தச் சொன்னேன். இன்னும் கருகுச்சு. நார்க்கழிவைத் தண்ணியில ஊறப்போட்டு, பிழிஞ்ச தண்ணியில மீட்டரை வெச்சா 3.2. கழுவாத நார்க்கட்டி. அதுல இருந்தது சத்து இல்ல, உப்பு. நாலு தடவை மழைத்தண்ணியில அலசினப்புறம் 0.6க்கு வந்துச்சு. அதுல நட்ட நாத்துதான் காய்ச்சது.

இதுல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. ஈசி மீட்டர் தண்ணியில கரைஞ்ச உப்பு மொத்தம் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும். கால்சியம் நைட்ரேட்டும் சமையல் உப்பும் அதுக்கு ஒண்ணுதான். கம்பியைக் குத்தினா தழை, மணி, சாம்பல் தனித்தனியா எண் காட்டுற மீட்டரும் இப்போ விக்கிறாங்க. விலை குறைஞ்ச அந்த மீட்டரெல்லாம் மொத்த உப்பை அளந்து கணக்குப் போட்டுக் காட்டுறதுதான். அதுக்குக் காசு போடாதீங்க. தனித்தனி சத்து தெரியணும்னா மண் பரிசோதனை நிலையம்தான். 2015ல வந்த மண் வள அட்டையில பன்னிரண்டு விவரம் இருக்கும். பிஎச், ஈசி ரெண்டும் அதுலயே வந்துடும்.

இன்னொரு குழப்பம், பிபிஎம் கணக்கு. எங்க போர் தண்ணியை என் மச்சானோட மீட்டர் 900ன்னு காட்டுச்சு, என்னோடது 1260ன்னு காட்டுச்சு. ரெண்டும் சரிதான். தண்ணியோட ஈசி 1.8. ஒரு கம்பெனி அதை 500ஆல பெருக்குது, இன்னொரு கம்பெனி 700ஆல பெருக்குது. அதனால ஈசியை நேரா காட்டுற மீட்டரா வாங்குங்க, சண்டை வராது.

தம்பிக்குச் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன்.

மண்ணுலயோ பையிலயோ செடி வளர்க்கிறவங்க முதல்ல ஈசி மீட்டர் வாங்குங்க. விலை குறைவு, சீக்கிரம் கெடாது. பாய்ச்சுற தண்ணி 0.7க்குக் கீழே இருந்தா உப்புக் கவலை இல்ல. 3ஐத் தாண்டினா பெரும்பாலான செடிக்கு ஆகாது. நடுவுல இருந்தா செடியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். பிஎச்சுக்கு ஒரு தடவை லேப்ல கொடுத்தா போதும், மண்ணோட பிஎச் ஒரு நாள்ல மாறாது.

மண்ணில்லாம தண்ணியிலயே கீரை வளர்க்கிறவங்களுக்கு ரெண்டு மீட்டரும் வேணும். பிஎச் 5.5ல இருந்து 6.5க்குள்ள, சாலட் கீரைக்கு ஈசி 1.2ல இருந்து 1.8 வரைக்கும். எங்க ஊர்த் தண்ணி உரம் போடாமலே 1.8, அதுக்கு மேல உரத்துக்கு இடமே இல்ல. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சுத்தான் பண்ணணும். நம்ம தண்ணியில அமிலம் விட்டுப் பிஎச்சை இறக்கினா, மறுநாள் பார்த்தா திரும்ப ஏறியிருக்கும். மீட்டர் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க. தண்ணியில இருக்கிற பைகார்பனேட் பண்ற வேலை அது.

பிஎச் மீட்டர் வாங்கும்போது மூணு விஷயம் கேளுங்க. ரெண்டு புள்ளியில சரி பண்ண முடியுமா, வெப்பத்துக்குத் தகுந்த மாதிரி தானா திருத்திக்குமா, சரி பண்ற பொடி தனியா கிடைக்குமா. குமிழ் ஒரு நாள் தேய்ஞ்சு போகத்தான் போகும். அதை மட்டும் மாத்த முடிஞ்சா ரொம்ப நல்லது. மண்ணை அளக்கணும்னா பேனாவை மண்ணுல குத்தாதீங்க, உடையும். ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டரைப் பங்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வெச்சிருந்து, அளக்கும்போது இன்னொரு தடவை கலக்கிப் பாருங்க.

அன்னபேதி உப்பு லிட்டருக்கு அஞ்சு கிராம், கூட கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நாளைக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை இலையில அடிச்சேன். தூருக்கு மக்கின தொழுவுரம் போட்டேன். அடுத்த துளிர் பச்சையா வந்துச்சு. மோரை அம்மா திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க, என்னைக் கேட்கல.

அந்த ரெண்டு கம்பி மீட்டர் இப்பவும் வீட்டுல இருக்கு. மண்ணுல ஈரம் இருக்கா இல்லையான்னு மட்டும் ஓரளவுக்குச் சொல்லும். அதுக்கு அம்மா விரலை மண்ணுல விட்டுப் பார்த்துக்கிறாங்க.