திண்ணை உயரத்தில் ஒரு வண்டி

2025 நவம்பர் 1, சனி

பிசியோதெரபி முடித்து அம்மாவை அழைத்துவந்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். எழுந்திருக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றாள். மூன்றாவது முறை கதவோரத்தைப் பிடித்த பிடியில் அவள் நகக்கண் வெளுத்துப்போயிருந்தது. "நீ போயி வீட்டத் தொற, நான் மெதுவா வாரேன்" என்றாள். தான் தடுமாறுவதை மகள் பார்க்க வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இரவு இஞ்சு டேப் எடுத்து அளந்தேன். எங்கள் சின்னக் காரின் இருக்கை தரையிலிருந்து 20 அங்குலம். கூடத்தில் மெத்தை போட்ட மர நாற்காலி 24 அங்குலம். அதிலிருந்து அம்மா கை ஊன்றாமல் எழுந்துவிடுகிறாள். முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு தாழ்வான இருக்கையே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாற்காலியை உயர்த்தினோம், கழிப்பறையை மாற்றினோம். வண்டியைப் பற்றி நினைக்கவே இல்லை.

அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுத் தெருவும் மனதில் வந்தது. போட்ட ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, வாய்க்கால் பாலம் ஒரு மேடாகிவிட்டது. ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் காரின் வயிறு உரசுகிறது. உயரமான வண்டி வேண்டும். இனி தள்ளிப்போட முடியாது.

நவம்பர் 4, செவ்வாய்

சேமிப்பு, இப்போதைய காரை விற்றால் வருவது எல்லாம் சேர்த்து 7 லட்சம். கடன் வாங்குவதில்லை என்று முடிவு.

ஆசிரியர் அறையில் எல்லோரும் "புதுசே எடுத்துருங்க டீச்சர், வரி குறைஞ்சிருச்சே" என்றார்கள். குறைந்திருப்பது உண்மைதான். செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1500 சிசிக்குள் எஞ்சினும் உள்ள டீசல் வண்டிக்கு, செஸ்ஸோடு 31 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமாகிவிட்டது. அப்படியும் அந்த வகைப் புது வண்டி ஆன்ரோடு விலை என் கைக்கு எட்டவில்லை. ஆனால் இந்தக் கணக்கு பழைய வண்டிக்கும் உதவும். புதுசின் விலை இறங்கினால் பழையதின் விலையும் இறங்கத்தான் வேண்டும். விற்பவர்கள் பலர் இன்னும் பழைய ஷோரூம் விலையை நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

பெட்ரோலா, டீசலா? மாதம் 800 கிலோமீட்டர் ஓடுவேன். பெட்ரோல் எஸ்யூவி லிட்டருக்கு 12 கொடுத்தால் ஏறத்தாழ 6,700 ரூபாய். டீசல் 17 கொடுத்தால் 4,400 ரூபாய். வருஷத்துக்கு 27,600 ரூபாய் மிச்சம். போதாததற்கு, 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை இ20 பெட்ரோலுக்கென்று செய்தவை இல்லை. டீசல் என்று குறித்துக்கொண்டேன். டீசலில் டர்போவோ இன்ஜெக்டரோ போனால் செலவு பெரிது என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி: அம்மா உட்கார்ந்து பார்க்காமல் வண்டி இல்லை. ஒர்க்ஷாப் அண்ணாச்சி பார்க்காமல் விலைப் பேச்சு இல்லை. 7 லட்சம் என்பது வண்டிக்கு மட்டுமல்ல, முதல் வருஷச் செலவுக்கும் சேர்த்து.

நவம்பர் 8, சனி

பழைய வண்டிகள் விற்கும் ஒரு இடத்தில் நாலு வயசான எஸ்யூவி ஒன்று. பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சந்தை விலையைவிட ஒன்றரை லட்சம் குறைவாகச் சொன்னார்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை. முன் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். சாதாரணமாக நாம் இழுக்கும் அளவுக்கு அப்பாலும், கடைசிவரை. உள்ளே சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு அடி நாடா வெளியே வந்தது. கறுப்பு நாடாவின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே நாடா மென்மை, கீழே மொறமொறப்பு. விரலால் தேய்த்து என்னிடம் காட்டினார். வண்டல்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருக்கை நகரும் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் மாவு போன்ற மண். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக இருந்ததன் காரணமும் புரிந்தது. "மழையில லேசா நனைஞ்சது, அவ்வளவுதான்" என்றார் விற்பவர். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டைச் சுருள விட்டார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து மனிதர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. வெள்ளத்தில் முழுகிய வண்டிகளைச் சரிசெய்ய ஆகும் செலவு அவற்றின் மதிப்பை நெருங்கினால், முழு நஷ்டம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கணக்கு முடித்து ஏலம் விடுவது வழக்கம். அவற்றில் சில கழுவப்பட்டு, பெயிண்ட் அடிக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம். ஒயரிங் இணைப்புகளிலும் ஏர்பேக் சென்சாரிலும் ஏறிய ஈரம் ஆறு மாதமோ இரண்டு வருஷமோ கழித்துத்தான் வேலையைக் காட்டும். அம்மாவை உட்காரவைத்து ஓட்டப்போகும் வண்டியில் ஏர்பேக் விரியுமா என்ற சந்தேகத்தோடு ஒரு நாளும் என்னால் ஓட்ட முடியாது.

"வெல கம்மியா இருந்தா, கம்மிக்கு ஒரு காரணம் இருக்கும் டீச்சர். அதக் கண்டுபிடிக்காம துட்ட எடுக்கப்பிடாது" என்றார் அண்ணாச்சி, திரும்பும் வழியில்.

நவம்பர் 11, செவ்வாய்

சென்னையிலிருந்து தம்பி போன். "அக்கா, டெல்லி வண்டி ஒண்ணு இருக்கு. இங்கத்த விலையில பாதிதான்." டெல்லிப் பகுதியில் 10 வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது; 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று இந்த ஆகஸ்டில் அதே நீதிமன்றம் சொன்னாலும், அந்தப் பயத்தில் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலிவுக்குக் காரணம் அது.

ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும். இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரி கட்ட வேண்டும். வண்டியைக் கொண்டுவரும் செலவு வேறு. எல்லாம் கூட்டினால் பாதி விலை முக்கால் விலையாகிறது. அதைவிடப் பெரிய காரணம், அந்த வண்டியை ஓட்டியவரை நான் பார்க்கப்போவதில்லை. தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரின் வண்டி. தரகர் இல்லாத பார்ட்டி வண்டி. ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 1.5 டீசல், 2019 மார்ச், சிங்கிள் ஓனர், டி.என். 72 பதிவு. ஓடியது 61,000 கிலோமீட்டர். கேட்கிற விலை 6,50,000.

முதலில் அம்மா. அவர் வீட்டு வாசலில் முன்கதவைத் திறந்தேன். அம்மா திரும்பி நின்று, பின்புறமாகச் சாய்ந்தாள். இருக்கை சரியாக அவளைத் தாங்கியது. காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்தாள். பிறகு அப்படியே வெளியே வைத்து, கையை மடியில் வைத்தபடியே எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "ஏ, இது நம்ம வீட்டுத் திண்ணை ஒசரம்லா!" என்றாள். அளந்தேன். 26 அங்குலம். போன வாரம் பெரியப்பா மகனின் பெரிய ஜீப் ரக வண்டியில் படியில் ஒரு கால் வைத்துவிட்டு மற்றதைத் தூக்க முடியாமல் நின்றாள். உயரம் கூடினாலும் கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

அண்ணாச்சி ஒரு மணி நேரம் பார்த்தார். சீட் பெல்ட் கடைசிவரை ஒரே நிறம். கதவு, பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இல்லை. பட்டி போட்ட இடம் பின் பம்பர் ஓரத்தில் மட்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார், புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்து கை வைத்துப் பார்த்தார், காற்று அடிக்கவில்லை. டயரில் வார்த்திருந்த நாலு இலக்கம் 0719. அதாவது 2019-ன் ஏழாவது வாரம் தயாரானது. பட்டன் இன்னும் தேயவில்லை, ஆனால் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள். டெஸ்ட் டிரைவில் பள்ளத்தில் இறங்கும்போது லோயர் ஆர்ம் புஷ் தட்டியது.

கிளட்ச்சைப் பற்றி அண்ணாச்சி வாய் திறப்பதற்கு முன் அந்தப் பெரியவரே சொன்னார்: "கிளட்ச் கொஞ்சம் கட்டியா இருக்கும்மா. மாத்தணும். மறைக்க விரும்பல."

பிறகு விலையைப் பற்றி ஒரு வார்த்தை. "ஃபோர்டு திரும்ப வருதே, இனி மதிப்பு கூடும்லா?" போன மாதக் கடைசியில் ஃபோர்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது நானும் படித்ததுதான். 3,250 கோடி ரூபாய், மறைமலைநகர் ஆலை, 2029-லிருந்து எஞ்சின் உற்பத்தி. கார் அல்ல, எஞ்சின். 2013-ல் அறிமுகமாகி நாடெங்கும் ஓடிய ஈகோஸ்போர்ட் அந்த ஆலையில்தான் பிறந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியேறியது. இத்தனை வண்டிகள் ரோட்டில் இருப்பதால் உதிரிபாகம் கிடைக்கிறது. ஆனாலும் ஷோரூம் இல்லாத கம்பெனி வண்டி என்பதை விலை காட்டத்தான் வேண்டும். அதை மரியாதையோடு சொன்னேன். அவர் தலையசைத்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

கணக்கு எழுதினேன்.

இதே வருஷம், இதே மாடல், நல்ல நிலையில் இருந்தால் இந்தப் பக்கம் 6,60,000 வரை போகிறது. பத்து வண்டிகளின் விலையைக் கேட்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் கழித்து எடுத்த எண் இது.

கழிக்க வேண்டியவை: நாலு டயர் 30,000. கிளட்ச் செட், கூலியோடு 25,000. புஷ் வேலை 8,000. பேட்டரி 7,000. ஆக 70,000.

இன்ஷூரன்ஸும் பெயர் மாற்றச் செலவும் என் பொறுப்பு; எந்த வண்டி வாங்கினாலும் நான்தான் கட்டியாக வேண்டும். அதையும் அவர் தலையில் கட்டிப் பேரம் பேசுவது நியாயமில்லை. அவருடைய நோ கிளெய்ம் போனஸும் எனக்கு வராது. அது வண்டிக்கு அல்ல, ஆளுக்கு உரியது.

பிறகு ஒரு வரி: "தெரியாததற்கு 30,000." ஒரு மணி நேரத்தில் அண்ணாச்சியாலும் பார்க்க முடியாதவை இருக்கும். மீட்டரைத் திருப்பியிருந்தால்? எங்காவது எஞ்சின் சூடாகி நின்றிருந்தால்? பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரும்புக்கும் ரப்பருக்கும் மட்டும் விலை கொடுப்பதில்லை. தெரியாததையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அதை எழுதிவைக்காமல் போனால், பேரம் பேசுகிற நேரத்தில் மனம் அதைப் பூஜ்ஜியமாக்கிவிடும்.

என் மேல்வரம்பு 5,60,000. அடிக்கோடு போட்டேன்.

நவம்பர் 22, சனி

மழை. அவர் வீட்டுத் தார்சாவில் காபி. கணக்கை அப்படியே படித்துக் காட்டினேன். டயரையும் கிளட்ச்சையும் ஒத்துக்கொண்டார். 5,85,000-க்கு இறங்கினார். அதற்குமேல் இறங்கவில்லை. நான் நோட்டை மூடினேன்.

"தெரியாததற்குன்னு முப்பதாயிரம் போட்டிருக்கியேம்மா, அது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பச்சை ஃபைலைக் கொண்டுவந்தார். முதல் சர்வீஸிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு பில்லும் தேதி வரிசையில் இருந்தது. 9,870, 19,640, 30,115 என்று கிலோமீட்டர் படிப்படியாக ஏறுகிறது. பின் பம்பர் இடித்த நாளின் இன்ஷூரன்ஸ் தாள்கூட இருந்தது. ஓரங்களில் பேனாவால் குறிப்புகள்: "ஏ.சி. கேஸ் நிரப்பியது", "இடது கண்ணாடி மாற்றம்".

அரை மணி நேரம் படித்தேன். என் 30,000-த்தில் 20,000-த்துக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. அதை அடித்துவிட்டு 10,000 என்று எழுதினேன். மேல்வரம்பு 5,80,000 ஆயிற்று. வரம்பை ஆசை தாண்டக் கூடாது, ஆதாரம் தாண்டலாம். அவரிடம் நோட்டையே நீட்டினேன். பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அட்வான்ஸ் 20,000, வங்கி வழியாக. ரசீதில் இருவர் கையெழுத்தும்.

டிசம்பர் 13, சனி

மூன்று வாரம் பேப்பர் வேலை. அவர் வங்கிக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தது. வங்கியின் என்.ஓ.சி.யோடு படிவம் 35 கொடுத்து அது நீங்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு 29, 30 படிவங்கள். செலுத்தாத இ-சலான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதே என்று அவருக்கும் எனக்கும் ஒரே அறிவுரை. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல மனிதர் ஒருவர், என் தாமதத்தால் நீதிமன்றப் படி ஏறக் கூடாது.

இன்று புது டயர், புது கிளட்ச்சோடு அம்மாவை அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப்போனேன். வாய்க்கால் பாலத்தில் எதுவும் உரசவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தினேன். நான் சுற்றிவருவதற்குள் அம்மா இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

இரவு அந்தப் பச்சை ஃபைலை எடுத்து, டயர் பில்லையும் கிளட்ச் பில்லையும் கடைசியில் கோத்தேன். அவர் எழுதியதுபோலவே ஓரத்தில் கிலோமீட்டரைக் குறித்தேன்: 61,480. என்றாவது ஒரு நாள் இந்த வண்டியை வாங்க வேறு யாராவது நோட்டோடு வருவார்கள். தெரியாததற்கென்று அவர்கள் போட்டு வரும் தொகையை அடித்துவிட்டுப் போகட்டும்.