மவுண்டன் பைக்கில் சிதம்பரம் வரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போய், பிச்சாவரம் தொட்டுத் திரும்பினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நண்பர்களோடு மிதிக்கும்போது அந்தத் தூரம் பெரிதாகத் தெரிவதில்லை.

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்கிறார்கள். இங்கே ஏற்றத்தின் வேலையை எதிர்க்காற்று செய்கிறது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரை ஆளுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வோம். மற்றவர்கள் அந்த மறைவில் வருவார்கள். அகல டயர் தார்ச்சாலையில் இழுக்கும்தான். டயரில் காற்றைச் சற்றுக் கூட்டினால் சமாளிக்கலாம்.

இன்னும் தூரம் போக நினைப்பவர்களுக்கு, 'பி.ஆர்.எம்.' என்ற நெடுந்தூர சைக்கிள் பயணங்களை இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா நடத்துகிறது. 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 300-க்கு 20 மணி நேரம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் முடித்த எல்லாரும் சமம். மவுண்டன் பைக்கிலும் போகலாம். இந்தப் பயணங்களின் உச்சம், 1891-இல் போட்டியாகத் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்: 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம்.

கடலூர், சிதம்பரம் நண்பர்களே, வீட்டில் நிற்கும் சைக்கிளைத் துடைத்து எடுங்கள். ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு விளக்கு, தண்ணீர் அவசியம். விடியுமுன் கிளம்புங்கள், கடைசியாக வருபவருக்காக நின்று, சேர்ந்தே போங்கள்.