இரண்டாம் தொட்டில்

இரண்டாம் மகவு பிறந்த இல்லங்களுக்கு ஆசீர் வழங்கச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "ஒன்றைப் பெற்று வளர்த்தவள்தானே, பழகியிருக்கும்!" இச்சொல்லோடு உதவிக்கரங்கள் விலகிவிடுகின்றன.

பச்சிளங்குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் அருந்தும். அதற்கு இரவும் பகலும் ஒன்றே. முதல் பேற்றில் குழந்தை உறங்கியபோது தாயும் கண்ணயர்ந்தாள். இன்றோ, மடியை இழந்த மூத்த பிள்ளை அவ்வேளையில் சேலைத் தலைப்பைப் பற்றி அழுகின்றது. இருவருக்கும் நடுவே அவள் கண்கலங்கினால், "இதென்ன புதிதா?" என்கிறோம். அத்துயர் இரு வாரங்களைக் கடந்தும் நீடித்தால், அது மருத்துவரிடம் காட்டவேண்டிய நோய்.

அன்பர்களே, அடுத்தமுறை குழந்தையைக் காணச் செல்கையில், மூத்த பிள்ளையை ஒரு மணி நேரம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் சற்று உறங்கட்டும்.