முகம் இல்லாத படங்கள்

பச்சைமலைக்குப் போகிறவர்கள் கேமராவை எடுத்தால் அருவியையும் மேகத்தையும் தான் பிடிப்பார்கள். வழியில் தொங்கும் பலாப்பழத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் மிக நெருங்கிப் போய் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பழம் மறைந்து போகும், முள்ளும் நிழலும் மட்டும் மிஞ்சும். இதைத்தான் அரூபப் புகைப்படம் என்கிறார்கள். அமெரிக்காவின் ஆரோன் சிஸ்கிண்ட் 1940களில் பெயிண்ட் உரிந்த சுவர்களை இப்படி எடுத்தே பெயர் வாங்கினார்.

சரி, இதனால் யாருக்கு என்ன பயன்?

கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு சானா பிரிஸ்கி என்பவர் கேமரா கொடுத்துப் பழக்கினார். அவர்கள் தங்கள் தெருவையும் வீட்டையும் எடுத்த படங்கள் ஏலம் போயின. பணம் அவர்களின் படிப்புக்குப் போனது. ஒரு சிறுமி எடுத்த படம் ஆம்னஸ்டியின் 2003 காலண்டர் அட்டையில் வந்தது. இந்தக் கதையைச் சொன்ன ஆவணப்படம் 2005ல் ஆஸ்கர் வென்றது. ஆனால் தாய்மார்களைக் காட்டிய விதத்துக்காகக் கடும் விமர்சனமும் வாங்கியது. பிள்ளைகள் சிலர் பள்ளியையும் பாதியில் விட்டார்கள்.

உதவி கேட்கும் படங்களில் பெரும்பாலும் அழுகிற குழந்தையின் முகம் தான் இருக்கும். காசு வரும், அந்த முகமும் ஊர் முழுக்கப் போகும்.

பலாமுள் படத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுச் சுவரில் அது காலண்டராகத் தொங்கலாம். மலைப் பிள்ளை ஒருவனின் பள்ளிச் செலவுக்கு அந்தக் காசு போகலாம். அவன் முகத்தை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை.